மழைப் படத்தில் வைத்த பொட்டு

நவமணி ஜப்பானுக்குப் போனது ஒரே ஒரு முறை. ஊர் சுற்ற அல்ல. ரேடியோ முகப்பில் எழுத்து அச்சடிக்கும் இயந்திரத்தைப் பழகிக்கொள்ள. எண்பதுகளின் நடுவில், பினாங்கை அடுத்த பிறை என்ற ஊரில் இருந்த ஜப்பானியத் தொழிற்சாலை, லைன் லீடராக உயர்த்துவதற்கு முன் சில பெண்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பியது. கூடப் போனவர்கள் கைக்கடிகாரமும் கேமராவும் வாங்கி வந்தார்கள். நவமணி ஒரு தாளைச் சுருட்டி எடுத்து வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நல்ல மழை. ஒதுங்க இடம் தேடி ஒரு பழைய புத்தகக் கடை வாசலில் நின்றார். வாசலில் ஒரு பெட்டி நிறையப் படத் தாள்கள். மேலே கிடந்ததில் ஒரு மரப்பாலம். அதன்மேல் தலையில் பாயைக் கவிழ்த்துக்கொண்டு குனிந்து ஓடும் ஆட்கள். எல்லாவற்றின் மேலும் மழை, கோடு கோடாக. ஃபெரியைப் பிடிக்க ஓடும் பினாங்குக்காரர்களும் இப்படித்தான் ஓடுவார்கள் என்று முதலில் தோன்றியது. அப்புறம் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறத்தை மயிரிழை பிசகாமல் உட்காரவைப்பது எப்படி என்றுதான் அந்த வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இங்கே யாரோ அதை மரப்பலகையை வைத்துக்கொண்டு வெறும் கையால் செய்திருந்தார்கள். வாங்கிவிட்டார்.

அது அண்மையில் அச்சடித்து வெளியூர்க்காரர்களுக்கு விற்கும் மறுபதிப்பு என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று நவமணி வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஏமாத்துனவனுக்கு மாலதான் போடணும். அவன் மட்டும் ஒழுங்கா வித்திருந்தா, நான் இதுல எறங்கியிருக்கவே மாட்டேன்" என்பார்.

பழைய ஜப்பானின் இந்த மர அச்சுப் படங்கள் அந்தக் காலத்தில் பணக்காரர்களின் பொருள் அல்ல. நிறத்துக்கு ஒரு பலகை செதுக்கி, நூற்றுக்கணக்கில் அச்சடித்துத் தெருவில் விற்றார்கள். சாலை, பாலம், மழை, பனி, நடந்து களைத்த பயணிகள். அதனால்தான் அவற்றில் மூலை கிழிந்ததும், பூச்சி அரித்ததும், வெளுத்துப்போனதும் ஒரு தொழிற்சாலைச் சம்பளக்காரியின் கைக்கும் எட்டின. நவமணி அப்படிப்பட்டவற்றைத்தான் சேர்த்தார். லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் கிடைத்தன. பின்னாளில் இணைய ஏலத்தில் கிடைத்தன. நல்ல நிலையில் இருந்த படத்துக்கு அவர் ஆசைப்பட்டதே இல்லை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று தஞ்சோங் பூங்காவில் குடியிருந்த ஒரு ஜப்பானிய முதியவரிடமிருந்து வந்தது. ஊர் திரும்பும் முன் அவர் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். படத்தில் ஓர் ஆற்றங்கரை, மாலை மழை. வைக்கோல் தொப்பி போட்ட இரண்டு பேர் படகுக்குக் காத்து நிற்கிறார்கள். வானத்தின் உச்சியில் அடர்ந்த நீலம். கீழே வர வர வெளிறி, ஆற்றைத் தொடும் இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. அச்சுப் பலகையில் சாயத்தை ஈரத் தூரிகையால் இழுத்து இழுத்து வருவிக்கும் வேலை அது. ஓரம் வெட்டப்படவில்லை. நீலம் நேற்று அடித்தது போல் இருந்தது.

பினாங்கில் தாளை வைத்துக் காப்பது லேசுப்பட்ட காரியம் அல்ல. ஈரக்காற்று பூஞ்சை கொண்டுவரும். வெயில் நிறத்தைத் தின்னும். பல்லி எங்கே ஏறும் என்று சொல்ல முடியாது. கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் அலமாரி ஒன்றை வாங்கி, நவமணி படங்களை அதற்குள் வைத்தார். ஜாலான் பேராக் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் ஒரே ஓர் ஆணி. அதில் ஒரு நேரத்தில் ஒரு படம். மாதம் பிறந்தால் அது இருட்டுக்குப் போய்விடும், அடுத்தது வரும்.

அவர் கணவர் பக்கிரிசாமிக்கு அவையெல்லாம் தாள். "இந்த மாசத் தாள மாத்தியாச்சா?" என்று கேட்பார். அலமாரியைக் காட்டி, "தாளுக்கு ஏர்கான், எனக்கு ஃபேனு" என்பார். ஜுருவில் ஒரு பட்டறையில் காடிகளுக்கு, அதாவது கார்களுக்கு, வயரிங் வேலை பார்த்தார். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எங்கே படம் பார்க்கப் போகவேண்டும் என்றாலும் கூட்டிக்கொண்டு போவார். கோலாலம்பூருக்குக்கூட ஓட்டிப் போயிருக்கிறார். ஆனால் காடியை விட்டு இறங்கமாட்டார்.

"உள்ள வந்து ஒரு தடவ பாத்தா என்னங்க?"

"எனக்கு என்னா தெரியும் மணி? நீ போய் பாரு. நான் காடிய பாத்துக்கிறேன்."

"காடிய யாரு தூக்கிட்டுப் போகப் போறா?"

"தூக்குனாத்தான் தெரியும்லா, உன் தாள் முக்கியமா காடி முக்கியமான்னு."

நவமணி சிரித்துவிட்டு உள்ளே போவார். ஆயினும் ஒரு படத்தின் முன் நிற்கும்போது பக்கத்தில் ஆள் இல்லாத குறை அவருக்கு இருந்தது. சொல்லிக்கொண்டதில்லை.

போன வருடம் கணையத்தில் கட்டி என்றார்கள். மகள் பிரமிளா பத்து காவான் என்ற ஊரில் ஒரு சிப் தொழிற்சாலையில் பொறியாளர். பழுதான சில்லுகளை நுண்ணோக்கியில் வைத்து, எங்கே எப்படிப் பழுது வந்தது என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுவது அவள் வேலை. அம்மாவின் அறிக்கையை ஒரு முறை படித்தாள். மூடி வைத்தாள். இரண்டாம் முறை படிக்கத் தேவை இருக்கவில்லை. அடுத்த தைப்பூசத்தைப் பார்க்காமலே நவமணி போய்விட்டார். இங்கே சொல்ல வந்தது அதற்கு முந்தின அக்டோபரைப் பற்றி.

சூலியா தெருவை ஒட்டிய சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் நோர்மா என்ற பெண் சிறிய ஓவியக்கூடம் நடத்துகிறார். பினாங்கு மக்கள் வீட்டில் சேர்த்து வைத்திருப்பவற்றை வைத்து ஒரு கண்காட்சி போட நினைத்தார். படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்காரர் நவமணியின் பெயரைச் சொல்லியிருக்கிறார். நோர்மா வீட்டுக்கு வந்தார், எல்லாவற்றையும் பார்த்தார், ஆற்றங்கரை மழைப் படத்தின் முன் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"ஆன்ட்டி, இது நுழைந்தவுடன் எதிரே தெரியும் பெரிய சுவருக்கு" என்று மலாயில் சொன்னார்.

நவமணி அதிகம் ஆசைப்படுகிறவர் அல்ல. இதற்கு ஆசைப்பட்டார். சிகிச்சைக்குப் போகும் வழியெல்லாம் இதே பேச்சு.

"ஒரே ஒரு தடவ, நல்ல வெளிச்சத்துல மாட்டி, தெரியாத சனம் நின்னு பாக்கணும் பிரமி. அப்புறம் அது பொட்டிக்குள்ள போகட்டும், நானும் போறேன்."

"சும்மா இரும்மா."

"சும்மாதான இருக்கேன். படம்தான் போகப் போகுது."

நோர்மாவின் ஆட்கள் படத்தை எடுத்துப்போக வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாள் ஆயுத பூசை. அன்று காலை நவமணிக்கு ரத்தப் பரிசோதனை இருந்தது. புறப்படும் முன் படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து, கூடத்து மேசையில், திறந்த அட்டை உறைக்குள் வைத்தார். வந்ததும் ஒருமுறை சரிபார்த்துப் பொதிய வேண்டும். யாரும் தொடக்கூடாது என்று எப்போதும் போல் சொன்னார். பிரமிளாவுடன் கிளம்பிவிட்டார்.

பக்கிரிசாமிக்கு ஆயுத பூசை என்றால் அரைகுறை கிடையாது. வேலை செய்கிற எதையும் விடமாட்டார். ஸ்பேனர், வயர் வெட்டும் கத்தரி, மீட்டர், மிக்சி, அரிசிக் குக்கர், கீழே நிற்கும் காடி. ஒரு வருடம் பிரமிளாவின் மடிக்கணினிக் கேமரா மேலேயே பொட்டு வைத்துவிட்டார். அடுத்த நாள் இணையவழிக் கூட்டத்தில் அவள் முகம் சிவப்புப் பனிமூட்டமாகத் தெரிந்து, தைவான்காரர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

பூசைக்கு அந்த மேசைதான் வழக்கம். அதில் படம் இருந்தது. தொடக்கூடாது. எனவே பக்கிரிசாமி அதை நகர்த்தவில்லை. ஸ்பேனர்களையும் மீட்டரையும் அதைச் சுற்றி அடுக்கினார். பொரியும் பழமும் வைத்தார். சூடம் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தார்.

நவமணி திரும்பி வந்தபோது வீடு மணத்துக் கிடந்தது. மேசையைப் பார்த்தார். படத்தின் உச்சியில், நீலம் மிக அடர்ந்திருக்கும் இடத்தில், வட்டமாகச் சந்தனம். நடுவே குங்குமம்.

"என்னங்க இது?"

"பொட்டு."

"பொட்டுன்னு எனக்குத் தெரியாதா? இதுல எதுக்கு?"

"தாள நான் தொடல மணி. வெரல் நுனிதான் பட்டுச்சு." மனைவியின் முகத்தைப் பார்த்ததும் பக்கிரிசாமியின் குரல் இறங்கியது. "நாளைக்கு அது வேலைக்குப் போகுதுல்ல?"

"தாளு வேலைக்குப் போகுதா?"

"பின்ன? இத்தன வருசம் வீட்டுல இருந்துச்சு, நான் வெச்சேனா? நாளைக்கு வெளிய போயி நாலு பேரு முன்னால நிக்கப் போகுது. ஸ்பேனருக்கு வெச்சேன், காடிக்கு வெச்சேன். இதுக்கு மட்டும் வெக்காம அனுப்புனா நீ என்னா நெனப்ப?"

நவமணி பையை நாற்காலியில் போட்டார். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பிரமிளா கைகழுவி, விளக்கைக் கிட்டே இழுத்து உட்கார்ந்தாள். காய்ந்திருந்த பொடியை மெல்லிய தூரிகையால் தள்ளினாள். காற்றுப் பந்தால் ஊதினாள். மேலே இருந்தது போனது. அடியில் சிவப்பு வட்டம் இறங்கியிருந்தது. அதைச் சுற்றி நீலம் நீலமாக இல்லை, பழுப்பாகியிருந்தது.

"தண்ணி வெச்சுத் தொடச்சா?" என்றார் பக்கிரிசாமி.

"கறையா இருந்தா தொடைக்கலாம்பா. இது ரியாக்‌ஷன். குங்குமத்துல சுண்ணாம்பு இருக்கு. அந்த நீலத்துக்குச் சுண்ணாம்பு ஆகாது."

"திரும்ப வராதா?"

"வராது."

"கழுவிப் பாத்தா?"

"கழுவுனா மழையும் சேந்து போயிடும்."

"அலாமாக்" என்று தலையில் கைவைத்தார். வெளியே நடைபாதையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டுக்காரர் கொடுத்த சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

உள்ளே நவமணி கோபத்தில்தான் படுத்திருந்தார். பூஞ்சை தொடாமல், வெயில் தொடாமல், தன் மூச்சுகூடப் படாமல் காத்தது. கடைசியில் சொந்த வீட்டில், பட்டப்பகலில். நாளைக்கு அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது? இன்னொரு கண்காட்சிக்குத் தனக்கு எங்கே நேரம்? அழுகை வந்தது, அழுதார். அழுது முடித்த பிறகும் ஒரு பேச்சு மட்டும் காதை விட்டுப் போகவில்லை. வேலைக்குப் போகுது.

தொழிற்சாலையில் இருந்த காலத்தில், ஆயுத பூசை மேசையில் அவருடைய பூதக்கண்ணாடியும் வேலை அட்டையும் இருக்கும். பக்கிரிசாமி முதல் பொட்டை அவற்றுக்குத்தான் வைப்பார். பிறகுதான் தன் ஸ்பேனருக்கு. ஓய்வு பெற்ற வருடம் மேசையில் நவமணியின் பொருள் எதுவும் இல்லை. மிக்சிக்கு வைத்தார், ஆனால் மிக்சி வீட்டுக்குப் பொது. அதற்குப் பின் வந்த பூசைகள் எல்லாம் அப்படித்தான் போயின. நவமணி அதைப் பெரிதாக நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார். இந்த வருடம் மேசையின் நடுவே அவருடையது ஒன்று இருந்திருக்கிறது. மற்றதெல்லாம் அதைச் சுற்றி.

தாள் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அது தொழில் என்று ஒத்துக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியில்.

வெயில் சாயும் நேரத்தில் நவமணி கதவைத் திறந்துகொண்டு வந்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பக்கிரிசாமி வாசலில் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லிடுறேன் மணி. என் தப்புன்னு சொல்லிடுறேன்."

"தப்புதான்."

"ஆமா."

"ஒரு பல்லியக்கூட ஏறவிடாம வெச்சிருந்தேன். கடைசில ஊட்டுக்காரரே ஏறிட்டாரு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொட்டாவது கொஞ்சம் சின்னதா வெக்கக்கூடாது? லாரிக்கு வெக்கிற மாதிரி வெச்சிருக்கீங்க."

"தூரத்துல நின்னாலும் தெரியணும்ல" என்றார் பக்கிரிசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தெரியுது, தெரியுது. சாப்பிட வாங்க."

மறுநாள் நோர்மா தாமே வந்தார். படத்தைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பக்கிரிசாமி தெரிந்த மலாயில் நடந்ததைச் சொன்னார். நோர்மா மரியாதையானவர், திட்டவில்லை. வேறு படம் வைக்கலாம், பனிப் படம் இருக்கிறதே என்றார். நவமணி தலையாட்டவில்லை. அப்படியானால் சட்டத்துக்குள் படத்தைச் சுற்றி வரும் மேல் அட்டையைக் கொஞ்சம் இறக்கி வெட்டி, பொட்டு மறையும்படி வைக்கலாம் என்றார். பிரமிளா அளந்து பார்த்தாள். முடியும். வானத்தில் இரண்டு விரல் அகலம் போகும், அவ்வளவுதான்.

"வானத்த மூடிட்டா மழை எங்கேருந்து வரும்?" என்றார் நவமணி.

பிரமிளா அளவுகோலைக் கீழே வைத்தாள்.

"ஆன்ட்டி, பார்க்கிறவர்கள் இதைச் சேதம் என்பார்கள்."

"சேதம்தான். இல்லன்னு நான் சொல்லல. சேதத்தோட மாட்டுங்க."

நோர்மா யோசித்தார். பெரிய சுவரில் முடியாது, அது தன் கூடத்தின் பெயருக்கு ஆகாது என்று ஒளிக்காமல் சொன்னார். ஜன்னல் எதிரில் இல்லாத பக்கச் சுவரில், நல்ல விளக்கோடு, வைக்கிறேன் என்றார். நவமணிக்குப் பெரிய சுவர் போனதில் வருத்தம் இருந்தது. முகத்தில் தெரிந்தது. ஆனால் சரி என்றார். பிறகு, படத்தின் கீழே என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டார்.

"வழக்கம்போல். வரைந்தவர் பெயர், அச்சிட்டவர், காலம், யாருடைய சேகரிப்பு."

"ஒரு படத்துக்கு எத்தன பேரு கை வெப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஒருத்தர் வரையிறாரு, ஒருத்தர் பலகைய செதுக்குறாரு, ஒருத்தர் அச்சடிக்கிறாரு. கை வெச்சவங்க பேரு தெரிஞ்சா போடுறது ஒரு மொற." நவமணி கணவர் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இதுல இன்னொருத்தர் கை வெச்சிருக்காரு. அவரு பேரு எனக்கு நல்லாத் தெரியும்."

கண்காட்சி திறந்த அன்று நவமணியால் நடக்க முடியவில்லை. அந்தக் கடைவீட்டு மரப்படி செங்குத்தானது. பக்கிரிசாமியும் நோர்மாவின் ஆள் ஒருவரும் சக்கர நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். "மெதுவாலா, மெதுவா" என்று பக்கிரிசாமி படிக்குப் படி சொன்னார். காடியைக் கீழேயே விட்டுவிட்டு அவர் ஒரு கண்காட்சிக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. காடி எங்கே நிற்கிறது என்று ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை.

பக்கச் சுவரில் மழை பெய்துகொண்டிருந்தது. விளக்கு நன்றாக விழுந்திருந்தது. கீழே மூன்று மொழியில் சிறிய அட்டை. பக்கிரிசாமி சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு தமிழைப் படித்தார். வரைந்தவர் பெயர் இருந்தது. செதுக்கியவர் தெரியவில்லை என்று இருந்தது. அச்சிட்டவர் தெரியவில்லை என்று இருந்தது. கடைசி வரி: "வானத்தில் உள்ள பொட்டு: பக்கிரிசாமி, பினாங்கு."

மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"என்ன மணி, எம் பேரு போட்டிருக்கு?"

"தொழில் செஞ்சவங்க பேரு போடுவாங்க."

பக்கிரிசாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். பொதுவில் அப்படிச் செய்கிறவர் அல்ல. பிரமிளா தண்ணீர் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சீனப் பெண்ணும் அவள் கணவரும் படத்தின் முன் வந்து நின்றார்கள். நன்றாகக் குனிந்து பார்த்தார்கள். மழை பெய்யும்போது சூரியன் எப்படி வரும் என்று அந்தப் பெண் மலாயில் கேட்டாள். பக்கிரிசாமி நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு ஓர் அடி முன்னால் போனார்.

"அது சூரியன் இல்லை. அது நான் வைத்தது" என்றார். பூசையைப் பற்றிச் சொன்னார். வேலைக்குப் போகிற பொருளுக்கு மரியாதை செய்வது எங்கள் வழக்கம் என்றார். அவர்கள் சிரித்தார்கள், போகவில்லை. அதனால் அவர் மழையைக் காட்டினார். இந்தக் கோடு எல்லாம் வரைந்ததில்லை, செதுக்கியது என்றார். நீலம் மேலே கனத்து, கீழே வரவரக் குறைவதைப் பாருங்கள், கையால் இழுத்தது என்றார். வைக்கோல் தொப்பி ஆட்கள் நனைந்து நிற்பது ஏன் தெரியுமா, படகுக்காரன் அக்கரையில் தேநீர் குடிக்கிறான் என்றார்.

படகுக்காரன் படத்திலேயே இல்லை. ஐந்நூறு வருடத்துப் படம் என்று அவர் சொன்னதும் தவறு, இருநூறுகூட ஆகவில்லை. ஆனால் மற்றதெல்லாம் நவமணி சாப்பாட்டு மேசையிலும், காடிக்குள்ளும், பினாங்குப் பாலத்தின் நெரிசலிலும் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு வந்தது. யாரும் கேட்கவில்லை என்று நினைத்துச் சொன்னது. ஒரு சொல் விடாமல் அந்த மனிதரிடம் இருந்தது.

தண்ணீரோடு வந்த பிரமிளா, "அப்பா ஐந்நூறு வருசம்ங்கிறாரும்மா, போய்ச் சொல்லட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"விடு" என்றார் நவமணி. "நல்லாத்தான சொல்றாரு. இன்னும் கொஞ்சம் கேப்போம்."